விழித்திரையில் இடும் சூடு



ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறக்குறைய பாதி வழியில் உள்ளது எங்கள் சூளகிரி. சாலையிலிருந்தே தெரியும் பாறை மலை, அதன் அடிவாரத்தில் தக்காளித் தோட்டங்களும் கொத்தமல்லி வயல்களும், அவற்றை அடுத்துத் தொழிற்கூடங்கள், இரவு பகலாக ஓடும் லாரிகள். இதுதான் எங்கள் ஊர். இப்பகுதித் தொழிற்கூடங்கள் சிலவற்றில் எஃகுத் தகடுகளை லேசர் கதிரால் வெட்டுகிறார்கள். கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டுவது போல அவ்வளவு எளிதாகத் தகடு துண்டாகும்.

எங்கள் தெருவில் ஒரு லாரி ஓட்டுநர் குடியிருக்கிறார். ஐம்பது வயதைக் கடந்தவர். பத்தாண்டுகளுக்கு மேலாக நீரிழிவு நோய் உள்ளவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் மாலை என்னைத் தேடி வந்தார்.

"சார், கண்ணுக்கு உள்ள ரத்தக் குழாய் கெட்டுப் போச்சாம். லேசர் வைக்கணும்னு சொல்றாங்க. நான் லோடு ஏத்துற கம்பெனியில லேசர்தான் இரும்பையே வெட்டுது. அதைக் கொண்டு போய்க் கண்ணுல வச்சா கண்ணு என்னாகும்?" என்று கேட்டார்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். "பயப்படாதீங்கண்ணா, அந்த லேசர் வேற, இந்த லேசர் வேற" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பிவிட்டேன். நான் சொன்னது பொய்யன்று. ஆனால் அது போதுமான பதிலும் அன்று. முதல் தவணைச் சிகிச்சை முடிந்த பின் அவருக்கு இரவில் பார்வை மங்கியது. எதிர் வண்டியின் விளக்கு முன்னைவிடக் கூசியது. பக்கத்தில் வந்த இரு சக்கர வண்டி ஒன்று கண்ணில் படவேயில்லை. "நல்லா இருந்த கண்ணைச் சுட்டுக் கெடுத்துட்டாங்க" என்று முடிவு கட்டி, இரண்டாவது தவணைக்குப் போகாமல் நின்றுவிட்டார்.

அதன் பிறகு நடந்ததைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன். அன்று நான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். உங்கள் வீட்டிலும் நீரிழிவு உள்ள ஒருவர் இருக்கக்கூடும். 2023-ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. சென்னையில் நடைபெற்று 2005-இல் வெளியான ஓர் ஆய்வு, நீரிழிவு உள்ளவர்களில் 17.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு, விழித்திரை பாதிக்கப்பட்டிருந்ததைக் காட்டியது. சங்கர நேத்ராலயா நடத்தி 2009-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்விலும் இந்த அளவு 18 விழுக்காடாகவே இருந்தது.

பட்டினி கிடக்கும் விழித்திரை

கண்ணை ஒளிப்படக் கருவியோடு ஒப்பிட்டு நீங்கள் படித்திருப்பீர்கள். முன்னால் லென்சு, பின்னால் படம் விழும் திரை. அத்திரையே விழித்திரை. அதன் கனம் சுமார் கால் மில்லிமீட்டர்தான். அதில் இரு வகை ஒளியுணர் செல்கள் உள்ளன. நடுவே, மஞ்சள் புள்ளி எனப்படும் இடத்தில், கூம்புச் செல்கள் நெருங்கி இருக்கின்றன. எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், நிறங்களைப் பிரித்தறிவதும் இவற்றின் வேலை. சுற்றுப் பகுதியில் கோல் செல்கள் மிகுதி. மங்கிய ஒளியில் பார்ப்பதும், பக்கவாட்டில் அசைவதை உணர்வதும் இவற்றின் வேலை. இந்த வேறுபாட்டை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதற்கும் இதுவே அடிப்படை.

விழித்திரைக்கு இரண்டு வழிகளில் ஆக்சிஜன் வருகிறது. உட்புற அடுக்குகளுக்கு அதன் மேலேயே ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கொடுக்கின்றன. வெளிப்புற அடுக்கான ஒளியுணர் செல்களுக்கு, விழித்திரைக்குப் பின்னால் உள்ள கோராய்டு என்னும் இரத்தக் குழாய்ப் படலம் கொடுக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவே கருநிறமி நிறைந்த செல்களாலான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்தே இருந்தால் விழித்திரையின் நுண்குழாய்களின் சுவர்கள் நலிவடைகின்றன. சில இடங்களில் கசிகின்றன, சில இடங்களில் அடைத்துக்கொள்கின்றன. அடைபட்ட பகுதி ஆக்சிஜன் இன்றிப் பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கும் திசு, புதிய குழாய்களை வளரச் செய்யும் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. இப்புரதத்துக்கு வி.இ.ஜி.எஃப். என்று பெயர். அதன் தூண்டுதலால் புதிய குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் அவை உறுதியற்றவை. முளைக்க வேண்டிய இடத்தில் முளைக்காமல், கண்ணின் நடுவே நிறைந்துள்ள விட்ரியஸ் என்னும் தெளிந்த கூழை நோக்கிப் படர்கின்றன. சிறிது இழுபட்டாலும் உடைந்து இரத்தம் கொட்டும். பின்னர் அவற்றைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து, சுருங்கி, விழித்திரையையே பிய்த்து இழுக்கும். நீரிழிவால் பார்வை முற்றிலும் போவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

நீரிழிவு மட்டுமே இதற்குக் காரணம் அன்று. 1880-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹென்றி ஈல்ஸ் என்ற மருத்துவர், இளைஞர்களின் கண்ணுக்குள் திரும்பத் திரும்ப இரத்தம் கசியும் ஒரு நோயை விவரித்தார். மேலை நாடுகளைவிட இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் ஈல்ஸ் நோய் இதுதான். இதிலும் குழாய்கள் அடைபட்டுப் புதுக்குழாய்கள் முளைக்கும்போது லேசர் சிகிச்சை செய்யப்படுகிறது.

சூரியன் கற்பித்த பாடம்

2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாக வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோது, வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள் என்று எங்கும் எச்சரித்தார்கள் அல்லவா? காரணம், கண்ணின் லென்சு சூரிய ஒளியை மஞ்சள் புள்ளியில் குவித்துச் சுட்டுவிடும்.

1945 ஜூலை 9 அன்று ஐரோப்பாவில் ஒரு சூரிய கிரகணம் ஏற்பட்டது. அதை உற்றுப் பார்த்த ஒரு மருத்துவ மாணவரின் விழித்திரையில் தீத்தழும்பு விழுந்தது. அந்தக் கண்ணைப் பரிசோதித்த ஜெர்மானியக் கண் மருத்துவர் மேயர்-ஷ்விக்கராத் அந்தத் தழும்பைக் கண்டு வருந்தியதோடு நிற்கவில்லை. வேண்டாத இடத்தில் சுட்டால் கேடு விளைகிறது. வேண்டிய இடத்தில் அளந்து சுட்டால் அதுவே மருந்தாகாதா என்று சிந்தித்தார். முதலில் சூரிய ஒளியையே கண்ணாடிகளால் திருப்பிக் கண்ணுக்குள் செலுத்தினார். மேகம் மறைத்தால் மருத்துவம் நின்றுவிடும். ஆகவே பின்னர் கார்பன் வில் விளக்கையும், 1950-களில் செனான் விளக்கையும் பயன்படுத்தினார்.

1960-இல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். அது மாணிக்கக் கல்லிலிருந்து வந்த 694 நானோமீட்டர் சிவப்பு ஒளி. இரத்தத்தின் ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சுவதில்லை. இரத்தம் நம் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவதற்குக் காரணமே அதுதான். 1964-இல் வில்லியம் பிரிட்ஜஸ் கண்டுபிடித்த ஆர்கான் லேசர் நீலமும் பச்சையுமாக ஒளி தந்தது. பச்சை ஒளியைக் கருநிறமியும் உறிஞ்சும், ஹீமோகுளோபினும் உறிஞ்சும். அதனால் 1960-களின் இறுதியிலிருந்து ஆர்கான் லேசரே கண் மருத்துவர்களின் கருவியாயிற்று. இன்று பெரும்பாலும் 532 நானோமீட்டர் பச்சை லேசர் பயன்படுகிறது. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் நிறுவனம் இத்தகைய கருவியை நம் மாநிலத்திலேயே தயாரித்துள்ளது.

சிகிச்சை உண்மையில் பயன் தருகிறதா என்பதை எப்படி அறிவது? அமெரிக்காவில் 1970-களில் 1,700-க்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை அளித்தார்கள். மறு கண்ணை ஒப்பீட்டுக்காக விட்டுவைத்தார்கள். 1976-இல் முடிவு வெளியாயிற்று. இரண்டாண்டுகளில் சிகிச்சை பெறாத கண்களில் 16.3 விழுக்காடு கடுமையான பார்வை இழப்புக்கு உள்ளாயின. சிகிச்சை பெற்ற கண்களில் 6.4 விழுக்காடு மட்டுமே. வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால், ஆபத்து மிகுந்த நிலையில் இருந்த மறு கண்களுக்கும் சிகிச்சை அளிக்கலாம் என்று ஆய்வின் விதியையே மாற்றினார்கள். செனான் விளக்கால் சுடப்பட்ட கண்களைவிட ஆர்கான் லேசரால் சுடப்பட்ட கண்களில் பக்கப் பார்வை குறைவாகவே இழக்கப்பட்டது என்பதும் அந்த ஆய்விலேயே தெரிந்தது. நன்மையையும் தீமையையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்த ஆய்வு அது.

ஒரு சிறு கணக்கு

இனி ஓட்டுநரின் கேள்விக்கு வருவோம். இரும்பை வெட்டும் லேசருக்கும் கண்ணுக்கு வைக்கும் லேசருக்கும் என்ன வேறுபாடு?

கண்ணில் ஒரு புள்ளி சுடுவதற்கு வழக்கமான அளவுகளாக இவற்றைக் கொள்வோம். திறன் 0.2 வாட், நேரம் 0.1 விநாடி, புள்ளியின் விட்டம் 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர். புள்ளியின் பரப்பு ஏறக்குறைய 0.002 சதுர சென்டிமீட்டர். திறனைப் பரப்பால் வகுத்தால், ஒளிச்செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட். உச்சி வெயிலின் செறிவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.1 வாட். ஆக, லேசர் புள்ளி வெயிலைப்போல் 1,000 மடங்கு செறிவுடையது.

தகடு வெட்டும் லேசரோ 2,000 வாட் திறனை 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியில் குவிப்பதாகக் கொள்ளலாம். செறிவு சதுர சென்டிமீட்டருக்கு 60 லட்சம் வாட்டுக்கும் மேல். கண்ணுக்குரியதைவிட ஏறக்குறைய 60,000 மடங்கு! அது எஃகை உருக்குகிறது. இது முட்டையின் வெள்ளைக்கரு வெந்து வெளுப்பது போல விழித்திரைப் புரதத்தை உறையச் செய்கிறது.

முழுச் சிகிச்சைக்கு இத்தகைய புள்ளிகள் 1,200 முதல் 1,600 வரை வேண்டும். 1,500 என்று கொள்வோம். ஒரு புள்ளிக்கு 0.2 × 0.1 = 0.02 ஜூல். மொத்தம் 30 ஜூல். இந்த ஆற்றல் முழுவதையும் ஒரு கிராம் நீரில் செலுத்தினால் அதன் வெப்பநிலை 7 டிகிரிதான் உயரும். இதற்கா பயம் என்று கேட்பீர்கள்.

அவசரப்படாதீர்கள். பரப்பையும் கணக்கிடுங்கள். 1,500 × 0.002 = 3 சதுர சென்டிமீட்டர். விழித்திரையின் மொத்தப் பரப்பே சுமார் 11 சதுர சென்டிமீட்டர்தான். அதாவது விழித்திரையில் கால் பங்குக்கும் மேல் வேண்டுமென்றே சுடப்படுகிறது! நான் அன்று ஓட்டுநரிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

சுட்டால் எப்படி நன்மை?

கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. தோட்டம் முழுவதற்கும் பாயாது. விவசாயி என்ன செய்வார்? கடைசிப் பாத்திகளுக்கு மடையை அடைத்து, நடுப் பாத்திகளை மட்டும் காப்பாற்றுவார். கடைசிப் பாத்திச் செடிகள் காய்ந்து போவது அவருக்குத் தெரியாமல் நேர்ந்த பிழை அன்று. நடுப் பாத்திக்காக அவர் கொடுத்த விலை.

லேசர் சிகிச்சையும் இப்படித்தான். பச்சை ஒளி விழித்திரையின் ஊடே சென்று கருநிறமி அடுக்கில் உறிஞ்சப்பட்டு வெப்பமாகிறது. அவ்வெப்பம் அதை ஒட்டியுள்ள ஒளியுணர் செல்களை அழிக்கிறது. உடலிலேயே மிகுதியாக ஆக்சிஜனைச் செலவிடும் செல்களில் இவையும் சேரும். அவை குறைந்ததும் கோராய்டிலிருந்து வரும் ஆக்சிஜன் மிச்சப்பட்டு உட்புற அடுக்குகளை எட்டுகிறது. பட்டினி தணிகிறது, வி.இ.ஜி.எஃப். சுரப்பு குறைகிறது, சில வாரங்களில் புதுக்குழாய்கள் வாடிச் சுருங்குகின்றன. மஞ்சள் புள்ளியை விட்டுவிட்டுச் சுற்றுப் பகுதியில் மட்டும் சுடுவதன் நோக்கம் இப்போது விளங்குகிறதல்லவா?

எனவே முதலில் அறிய வேண்டியது: இந்தச் சிகிச்சை பார்வையைக் கூட்டுவதற்காகச் செய்யப்படுவதில்லை, இருக்கும் பார்வையைக் காப்பதற்காகச் செய்யப்படுகிறது. கண்புரை அறுவைக்குப் பின் போல மறுநாளே உலகம் பளிச்சென்று தெரியும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாந்து போவார்.

சூட்டின் விலை

இனி இச்சிகிச்சையால் வரக்கூடிய இடர்களைப் பார்ப்போம். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இயற்பியல் காரணம் இருப்பதைக் கவனியுங்கள்.

பக்கப் பார்வையும் இரவுப் பார்வையும் குறைதல். கோல் செல்கள் மிகுந்த சுற்றுப் பகுதியே சுடப்படுவதால் இது நேர்கிறது. இருட்டான அறைக்குள் நுழைந்தால் கண் பழக அதிக நேரமாகும், மங்கிய வெளிச்சத்தில் படி தெரியாது. ஓட்டுநரின் குறை இதுதான். அது அவருடைய கற்பனை அன்று. சிகிச்சையிலேயே அடங்கிய விலை.

மஞ்சள் புள்ளி வீங்குதல். ஒரே அமர்வில் மிகுதியாகச் சுட்டால் அழற்சி உண்டாகிக் குழாய்களில் கசிவு கூடும். நடுப் பார்வை மங்கும். பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில் தணிந்துவிடும். அளவு மீறிச் சுட்டால் கோராய்டில் நீர் கோத்து அது பிரிந்து வீங்குவதும், அதனால் கண்ணின் அழுத்தம் ஏறுவதும் உண்டு. சிகிச்சையைப் பல தவணைகளாகப் பிரித்துச் செய்வதன் காரணம் இதுவே. ஒரு தவணையோடு நிற்பவர் அரைகுறை மருந்தோடு நிற்கிறார்.

வலி. கருவிழிக்குச் சொட்டு மருந்து போட்டு உணர்வை அகற்றிவிடுவார்கள். ஆயினும் கோராய்டில் ஓடும் நரம்புகளை வெப்பம் எட்டினால் சுருக்கென்று குத்தும். அதே நரம்புகளே கண்பாவையையும், லென்சின் குவியத்தை மாற்றும் தசையையும் இயக்குகின்றன. அவை பாதிக்கப்பட்டால் பாவை விரிந்தே இருக்கும், கிட்டத்துப் பொருளைப் படிப்பது சிரமமாகும்.

இரத்தக் கசிவு. ஒளிச்செறிவு புள்ளியின் விட்டத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் மாறும். திறனைக் குறைக்காமல் விட்டத்தைப் பாதியாக்கினால் செறிவு நான்கு மடங்காகும். திசுவில் உள்ள நீர் ஆவியாகிக் குமிழியாய் வெடித்து, கருநிறமி அடுக்குக்குப் பின்னுள்ள மெல்லிய சவ்வு கிழியும், கோராய்டிலிருந்து இரத்தம் கசியும். அப்போது மருத்துவர் கண்ணின் மேல் வைத்த லென்சை மெல்ல அழுத்துவார். கண்ணின் உள்ளழுத்தம் உயர்ந்து கசிவு நிற்கும். இது தவிர, புதுக்குழாய்கள் வாடுவதற்குள்ளேயே உடைந்து இரத்தம் கொட்டுவதும் உண்டு. அவை சுருங்கும்போது உடனிருக்கும் நார்த்திசுவும் சுருங்கி விழித்திரையை இழுப்பதும் உண்டு. இவை நேர்ந்தால் லேசரே கெடுத்தது என்று கூறிவிட முடியாது. நோய்க்கும் மருந்துக்கும் இடையே நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் சில வேளை நோய் முந்திவிடுகிறது.

இலக்குத் தவறுதல். மருத்துவர் பயன்படுத்தும் லென்சுகளில் சில விழித்திரையைத் தலைகீழாகக் காட்டுபவை. மஞ்சள் புள்ளி எந்தப் பக்கம் என்பதை அவர் கணந்தோறும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நோயாளி அந்தப் பத்தில் ஒரு பங்கு விநாடியில் கண்ணைத் திருப்பிவிட்டாலும் ஆபத்து. நடுப்புள்ளியில் விழுந்த சூடு ஆறாத சூடு. இது அரிது, ஆனால் கண்ணை அசைக்காதீர்கள் என்று அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

புகையும் பனியும். லென்சில் புரை விழுந்திருந்தாலோ, விட்ரியஸ் கூழில் இரத்தம் கலந்திருந்தாலோ ஒளி சிதறும், வழியிலேயே உறிஞ்சப்படும். சூடு பதியவில்லையே என்று திறனைக் கூட்டுவார்கள். அடுத்த புள்ளி தெளிவான இடத்தில் விழுந்தால் அங்கே சூடு மிகுந்துவிடும். பனிமூட்டத்தில் வேகமாக ஓட்டிய வண்டி, மூட்டம் விலகியதும் தன் வேகத்தை உணர்வது போலத்தான்.

தழும்பு விரிதல். மஞ்சள் புள்ளியருகே நீர்க்கசிவை அடைக்க இட்ட சிறு சூட்டின் தழும்பு ஆண்டுகள் செல்லச் செல்ல விரிந்து நடுவை நெருங்கக்கூடும். ஆகவே அவ்விடத்தில் மிக மென்மையாகவே சுடுகிறார்கள். அங்கு நீல ஒளியையும் தவிர்க்கிறார்கள். மஞ்சள் புள்ளிக்கு அப்பெயர் தந்த மஞ்சள் நிறமி நீல ஒளியை உறிஞ்சிச் சூடேறிவிடும் என்பதே காரணம்.

நேரத்தைக் குறைத்தால்?

வெப்பம் ஓரிடத்தில் நிற்பதில்லை, பரவுகிறது. அது பரவும் தொலைவு நேரத்தின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். திசு பெரும்பாலும் நீரே என்று கொண்டு கணக்கிட்டால், 0.1 விநாடியில் வெப்பம் பரவும் தொலைவு சுமார் 0.24 மில்லிமீட்டர். விழித்திரையின் கனமும் ஏறக்குறைய அதுதானே? எனவே பழைய முறையில் வெப்பம் விழித்திரையின் உள் விளிம்பு வரையும், மறுபுறம் கோராய்டின் நரம்புகள் வரையும் சென்றுவிடுகிறது. நேரத்தை 0.02 விநாடியாகக் குறைத்தால் தொலைவு சுமார் 0.1 மில்லிமீட்டராகச் சுருங்கும். வலி குறையும், சேதமும் குறையும்.

2000-களின் நடுவில் வந்த வடிவமைப்பு லேசர்கள் இக்கொள்கையில் இயங்குகின்றன. ஒருமுறை அழுத்தினால் கோலப் புள்ளிகள் போல வரிசையாகப் பல புள்ளிகளை நொடிக்குள் இட்டுவிடுகின்றன. ஆனால் சூடு சிறிதாகும்போது பலனும் சிறிதாகும். ஆகவே பழைய எண்ணிக்கையைவிட அதிகப் புள்ளிகள் இட வேண்டியுள்ளது. விலையே இல்லாத சூடு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஊசி வந்த பின்னும் லேசர் ஏன்?

வி.இ.ஜி.எஃப். புரதத்தை நேரடியாகத் தடுக்கும் மருந்துகள் இப்போது உள்ளன. அவற்றை விட்ரியஸ் கூழுக்குள் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். நடுப்புள்ளி வீக்கத்துக்கு இன்று பெரும்பாலும் இதுவே முதல் மருந்து. புதுக்குழாய்களுக்கும் இதைப் பயன்படுத்தி, 2015-இல் அமெரிக்காவில் ஓர் ஒப்பீட்டு ஆய்வின் முடிவு வெளியாயிற்று. இரண்டாண்டு முடிவில் ஊசி பெற்றோரின் பார்வைக் கூர்மை லேசர் பெற்றோரைவிடக் குறையவில்லை, பக்கப் பார்வை இழப்பும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது.

அப்படியானால் லேசரை விட்டுவிடலாமே? ஊசியின் பலன் சில வாரங்களே நிற்கும். திரும்பத் திரும்ப வந்து போட்டுக்கொள்ள வேண்டும். இடையில் வராமல் நின்றுவிட்டவர்களில், ஊசி மட்டும் போட்டவர்களின் கண்கள் லேசர் செய்தவர்களின் கண்களைவிட மோசமான நிலையை அடைந்ததைப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. தொலைவு, செலவு, ஒரு நாள் கூலி இழப்பு ஆகியவற்றை எண்ணிப் பார்க்க வேண்டிய நம் ஊர் மக்களுக்கு, சில அமர்வுகளில் முடிந்து நீண்ட காலம் நிற்கும் லேசருக்கு இன்றும் இடம் உண்டு. எவருக்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஓட்டுநருக்கு என்னாயிற்று?

இரண்டாம் தவணைக்குப் போகாமல் நின்றவருக்கு, சில மாதங்கள் கழித்து ஒரு விடியற்காலையில் வலக்கண்ணில் கொசுக் கூட்டம் பறப்பது போல் தெரிந்தது. பிற்பகலுக்குள் கரும்புகை போல் திரை விழுந்தது. உடையக் காத்திருந்த புதுக்குழாய் உடைந்துவிட்டது. அறுவை செய்து இரத்தத்தை அகற்றினார்கள். அந்தக் கண்ணில் இப்போது கைவிரல்களை எண்ணும் அளவுக்கே பார்வை. இடக்கண்ணுக்கு எல்லாத் தவணைகளும் முடிக்கப்பட்டன. அதில் செய்தித்தாள் படிக்கிறார், பேருந்துப் பலகையைப் படிக்கிறார். லாரி ஓட்டுவதை விட்டுவிட்டார். சாலையோரம் ஒரு தேநீர்க் கடை வைத்திருக்கிறார். பொழுது சாய்ந்தால் மகன் வந்து கடையைப் பார்த்துக்கொள்கிறான்.

"ராத்திரிப் பார்வை குறையும், ஆனா பகல் பார்வை தங்கும்னு ஒருத்தர் சொல்லியிருந்தா நான் நின்னிருக்க மாட்டேன் சார்" என்று ஒரு நாள் சொன்னார். என்னைக் குறை கூறும் எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் அந்த ஒருத்தர் நானாக இருந்திருக்கலாம். பயப்படாதீர்கள் என்று சொல்வதற்குப் பதிலாக, என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று பத்து நிமிடம் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருந்தால், கண் நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒரு முறை பாவையை விரித்து விழித்திரையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். புதுக்குழாய்கள் உடையும் வரை வலியும் இல்லை, மங்கலும் இல்லை. லேசர் வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் உடன் சென்று கேளுங்கள்: எத்தனை தவணை, என்ன குறையும், எது தங்கும், எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும்?

செய்து பாருங்கள்

ஒரு கைலென்சால் சூரிய ஒளியை முதலில் வெள்ளைத்தாள் மீதும், பிறகு அதே தாளில் மையால் கருப்பாக்கிய புள்ளி மீதும் குவியுங்கள். எது முதலில் புகைகிறது என்று பாருங்கள். கருநிறமி அடுக்கின் வேலை விளங்கும். பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். லென்சு வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்காதீர்கள். திருவிழாக் கடையில் விற்கும் லேசர் விளக்கை எவர் கண்ணிலும் காட்டாதீர்கள்.

சிந்தியுங்கள்

1. திறன் 0.2 வாட், நேரம் 0.02 விநாடி எனில், ஒரு புள்ளிக்குச் செல்லும் ஆற்றல் எவ்வளவு? 2,500 புள்ளிகளுக்கு மொத்தம் எவ்வளவு?

2. விட்டம் 500 மைக்ரானிலிருந்து 200 மைக்ரானாகக் குறைந்தால், அதே ஒளிச்செறிவைப் பெறத் திறனை எவ்வளவாகக் குறைக்க வேண்டும்?

3. மஞ்சள் புள்ளியில் கூம்புச் செல்களுக்குப் பதிலாகக் கோல் செல்கள் நிறைந்திருந்தால், லேசர் சிகிச்சை பெற்றவர் எந்தப் பார்வையை இழப்பார்?

விடைகள்: 1. 0.004 ஜூல், மொத்தம் 10 ஜூல். 2. 0.032 வாட். மூன்றாவதற்கு விடையை நீங்களே நண்பர்களோடு பேசிக் கண்டறியுங்கள்.